உதடு அசையாமல்

அக்டோபர் 4

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

நீ போய்ச் சேர்ந்த விவரம் தம்பி போனில் கேட்டுச் சொன்னான். எனக்கும் போனைக் கொடுத்தான். அதைக் காதில் வைத்தால் மாவு மில்லுக்குள் தலையை விட்டது போல இருக்கிறது. நீ ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டதாக அவன் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். வலது காது போனது போனதுதான். இடது காதில், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் விழுகிறது. போனில் மட்டும் விழவில்லை. அதனால் இனி நமக்குள் கடிதம்தான். நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவான். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

(அக்கா, நாள் முழுக்க லிப்ட்டுக்கு கிரீஸ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. — தம்பி)

இப்போது இவன் தானாக என்னமோ சேர்த்து எழுதினான். நான் வாயை மூடியிருந்தேன், பேனா ஓடியது. கேட்டால் ‘தேதி போட்டேன்பா’ என்கிறான். தேதி போட இவ்வளவு நேரமா?

நேற்று நோட்டரி ஐயா ஆபீஸ் வழியாகப் போனேன். உன் மேசை அப்படியே இருக்கிறது. டைப் மெஷின் மேல் உறையைப் போட்டு வைத்திருக்கிறார். ‘உங்க பொண்ணு பாஸானா வேற ஆளப் பாத்துக்கறேன். இல்லேன்னா அவங்களே வந்து உறைய எடுக்கட்டும்’ என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருடத்தோடு உன் வயது அந்தச் சட்டக் கல்லூரித் தேர்வுக்கு முடிந்துவிடுகிறது என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. வக்கீல்கள் சொல்லச் சொல்ல இத்தனை வருடம் மனு அடித்தவள் நீ. அவர்கள் விட்ட தப்பையும் திருத்தி அடித்தவள். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும் என்கிறாய். நடுவில் இருக்கிறது ஒரு மேசை. அதைச் சுற்றிப் போவதற்கு இரண்டு தடவை தேர்வு எழுதியும் ஆகவில்லை என்றால், அந்தத் தேர்வில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இங்கே பேப்பர் வாசிக்க ஆள் இல்லை. உன் தம்பி தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு மடித்துவிடுகிறான். ‘அப்புறம்?’ என்று கேட்டால் ‘அவ்வளவுதான்பா’ என்கிறான். பக்கம் பக்கமாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெருவிரல் மை இருக்கும். துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.)


அக்டோபர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. விரல் ரேகையைப் பார்த்ததும் நீங்களே கதவைத் தட்டி உள்ளே வந்தது போல இருந்தது.

இங்கே கோச்சிங் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் நேற்றுதான் காலேஜ் முடித்த பெண்கள். முதல் நாளே என்னை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டார்கள். ‘அக்கா’ என்று கூப்பிடச் சொல்லி மனு போட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது. என் கட்டில் ஜன்னல் ஓரம். கீழே ஒரு பிரஸ், பகலெல்லாம் தடதட என்று ஓடும். எனக்கு அது பிடித்திருக்கிறது, நம் ஆபீஸ் போல.

தேர்வைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மணி நேரம். நூற்றிருபது கேள்வி. ஐந்து பகுதி: மொழி, பொது அறிவு, சட்டம், தர்க்கம், கணக்கு. கேள்வியை நேராகக் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பத்தி கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு, அதன் கீழே வரும் கேள்விகளுக்கு நான்கு பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியாக எடுத்தால் எதுவுமே கஷ்டமில்லை அப்பா. எல்லாம் சேர்ந்து வருவதுதான் கஷ்டம்.

உங்கள் கணக்கில் சொல்கிறேன். ஹோட்டலில் எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டார்கள், எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் ஒருவர்தான் சர்வர். சரியாகக் கொண்டுபோய் வைத்தால் ஒரு மார்க். மாற்றி வைத்தால் கால் மார்க் பிடித்தம். ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டால் பிடித்தம் இல்லை. தெரியாததை விட்டுவிட வேண்டும், அது ஒரு வித்தை. போன இரண்டு தடவையும் தெரியாததால் நான் விடவில்லை. நேரம் போதாமல் விட்டேன். கடைசி இரண்டு பகுதியை எட்டிப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வழக்கம் போல உங்களுக்கு ஒரு பத்தி. தம்பி, நிறுத்தி வாசி.

விதி: ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இன்னொருவர் அதற்கு ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்டவர் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி வாங்காவிட்டாலும் பொறுப்பு உண்டு.

நடந்தது: பயணி ஒருவர் டீக்கடையில் தன் பையை வைத்து, ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். கடைக்காரர் தலையாட்டினார். உள்ளே பால் பொங்கியது. கடைக்காரர் உள்ளே ஓடினார். பை திருடு போய்விட்டது. யார் பொறுப்பு?

(அ) யாரும் இல்லை, கூலி வாங்கவில்லை. (ஆ) கடைக்காரர். (இ) பையை வைத்துவிட்டுப் போன பயணி. (ஈ) திருடன்.

விதியில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு எது நியாயம் என்று படுகிறதோ அது வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் மகள்


அக்டோபர் 27

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

பதில் ஈ. திருடன். இதற்கு இரண்டு மணி நேரம் வேறு கொடுக்கிறார்களா?

உன் தம்பி ‘ஆ’ என்கிறான். ‘விதியிலயே இருக்குப்பா, தலையாட்டிட்டான் இல்ல’ என்கிறான். பால் பொங்குகிறபோது எவனும் தலையை ஆட்டுவான், கையை ஆட்டுவான், ஆடாமல் நிற்பானா? அவன் பாலைப் பார்த்துத் தலையாட்டியிருப்பான். அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏழையை மாட்டிவிடுவதா? திருடியவனைத் தேட ஒரு விதி போடுங்கள் முதலில். இந்தப் பரீட்சையைப் பார்க்கும்போது எங்கள் முதலாளி எவ்வளவோ நல்லவர். தட்டை மாற்றி வைத்தால் திட்டுவார், பிடித்தம் செய்ய மாட்டார்.

(அப்பாவுக்கு மைனஸ் கால். — தம்பி)

வாசிப்பில் உன்னை எவரும் ஜெயிக்க முடியாது. உன் அம்மா இருந்தவரை அவள் வாசித்தாள். அவள் போன பிறகு நீ. எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து நீ எனக்குத்தானே வாசித்திருக்கிறாய். மருந்து அட்டை, கரண்ட் பில், சுவரில் ஒட்டிய நோட்டீஸ், பஸ் போர்டு. ஒரு நாள் பஸ்ஸில் நீ ஜன்னலில் தொற்றிக்கொண்டு வழியில் வந்த கடைப் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே வந்தாய். பச்சைக் கவுன் போட்டிருந்தாய், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பின்சீட்டு அம்மா, ‘உங்க பொண்ணு வாய மூடவே மாட்டாளா?’ என்று கேட்டாள். ‘அவ வாய மூடினா நான் எங்க இறங்கணும்னே தெரியாதும்மா’ என்றேன்.

கஷ்டமான வார்த்தை வந்தால் சட்டென்று நின்றுவிடுவாய். கண்ணை மேலே உருட்டுவாய். அப்புறம் எனக்குப் புரிகிற வார்த்தையாக மாற்றிச் சொல்வாய். ‘பிரதிவாதி’ என்று இருந்தால் ‘யார் மேல கேஸ் போட்டாங்களோ அந்த ஆளு’ என்பாய். வளர்ந்து டைப் அடிக்கப் போன பிறகும் அதை விடவில்லை. அப்படி வாசித்ததால்தான் உனக்கு எல்லாம் மனதில் நின்றது என்பது என் எண்ணம். ஆகவே அந்தப் பெண்கள் என்ன நினைத்தாலும் சரி, நீ சத்தமாக வாசி. வெட்கப்படாதே. எனக்கு இன்னும் நிறையப் பத்திகள் அனுப்பு. தப்பாகச் சொன்னாலும் சொல்கிறேன், உனக்குப் பயிற்சி ஆகும்.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இடையில் ஒழுங்காக எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். எனக்கு மூன்று பகுதிதான் ஓடுகிறது. அதில் தப்பே இருப்பதில்லை. நான்காவதில் கால் வைக்கும்போது மணி அடிக்கிறது. அறையில் இருக்கும் சின்னப் பெண்கள் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள்.

தர்க்கம் எடுக்கும் மேடம் போன வாரம் என் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுதுவதைக் கவனித்தார். என் தாளை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், என்னிடம் ஒரு பழக்கம் இருப்பதாகவும் அதை விட்டால்தான் நேரம் பிடிபடும் என்றும் சொன்னார். விட்டுவிடலாம் அப்பா, பெரிய விஷயம் இல்லை.

இனிமேல் பத்தி அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். கடிதமும் சிறியதாகத்தான் இருக்கும். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர் காலம், காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 18

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

பழக்கம் என்றால் என்ன பழக்கம்? நகம் கடிப்பதா, காலை ஆட்டுவதா? சின்ன வயதில் ரப்பரைக் கடித்துத் துப்புவாய், அதுவா? பெரிய விஷயம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பெரிய விஷயம் இல்லாததற்கு ஏன் பத்தியை நிறுத்துகிறாய்?

உன் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. பேசப் பேசவே மொட்டை மாடிக்குப் போய்விட்டான். இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் டீயை நீட்டினான். சர்க்கரை போட மறந்திருந்தான். ‘அக்கா என்னடா சொன்னா?’ என்றேன். ‘சும்மா’ என்றான். சர்வர் வேலை பார்த்தவனுக்குச் சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்த்தே உப்பு குறைவா கூடவா என்று தெரியும். இவன் முகத்தில் தெரியாதா?

(நான் எதுவும் சொல்லவில்லை அக்கா. — தம்பி)

பத்தி வராததில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அதற்காகக் கேட்கவில்லை. உனக்கு ஒரு தடங்கல் இருக்கிறது, அது என்னவென்று தெரியாமல் இங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடுவேன் என்றால், ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா


ஜனவரி 29

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

படிக்கும்போது என் உதடு அசைகிறதாம். எனக்குத் தெரியவே தெரியாது. சத்தம் வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு போகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. மற்றவர்கள் கண்ணால் படிக்கிறார்கள். நான் வாயால் படிக்கிறேன். கண் ஓடுகிற வேகம் வேறு, வாய் நடக்கிற வேகம் வேறு. அங்கேதான் என் இரண்டு பகுதியும் போகிறது.

மேடம் பென்சிலைப் பல்லுக்கு நடுவில் வைத்துப் படிக்கச் சொன்னார். உதடு நின்றது. ஆனாலும் நேரம் மிச்சமாகவில்லை. அப்புறம்தான் கண்டுபிடித்தோம். கஷ்டமான வார்த்தை வந்தால் நான் நிற்கிறேன். எனக்கு அர்த்தம் தெரிந்த வார்த்தைதான். இருந்தாலும் நின்று, அதை எளிய வார்த்தையாக மாற்றிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

‘யாருக்கும்மா வாசிக்கிற?’ என்று மேடம் கேட்டார்.

‘எங்க அப்பாவுக்கு’ என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. ‘ஹால்ல உனக்கு மட்டும்தான் சீட்டு. பக்கத்துல உக்காந்திருக்கறவர எழுப்பி வெளிய அனுப்பு’ என்றார்.

அவர் சொல்வது சரி. நான் முயற்சி செய்கிறேன். ஆனால் வேகமாகப் படித்தால், நீங்கள் ‘இரு, இரு, அது என்ன?’ என்று கேட்பது போலவே இருக்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். உங்களை விட்டுவிட்டு நான் எப்படி அடுத்த வரிக்குப் போவது?

இது உங்கள் தப்பு இல்லை. என் தப்பும் இல்லை. அதனால்தான் சொல்ல வரவில்லை.

உங்கள் மகள்


பிப்ரவரி 10

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

கடிதம் வந்தது. உன் தம்பி என் காதுக்குள் கத்தி வாசித்தான். பாதிதான் விழுந்தது. விஷயம் என்னவென்றால், இடது காதும் போய்விட்டது. போன வாரம் சளி பிடித்தது, அதோடு அடைத்துக்கொண்டது. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இனி யார் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். உன் தம்பி சைகையில்தான் சாப்பிடக் கூப்பிடுகிறான்.

ஆகவே நீ கவலைப்பட வேண்டியதில்லை. எனக்கு இனிமேல் வாசித்துப் பிரயோஜனம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ‘இரு, இரு’ என்று கேட்கவும் மாட்டேன். கேட்டால்தானே கேட்பதற்கு? நீ பாட்டுக்கு வேகமாகப் போ. அந்த மேடத்திடம், அவர் எழுந்து போய்விட்டார் என்று சொல்லிவிடு.

தேர்வு முடிகிறவரை கடிதமும் வேண்டாம். வந்தால் இவன் கத்துவான், எனக்கு விழாது, இரண்டு பேருக்கும் தொண்டை வலிதான் மிச்சம்.

நன்றாக இருக்கிறேன். சத்தம் இல்லாததும் ஒரு சௌகரியம்தான். கீழ் வீட்டு அம்மாவின் சண்டைகூடக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

(அக்கா, அப்பா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. — தம்பி)


மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை உங்களுக்கு எப்படித் தெரிவிக்கப் போகிறான் என்று தெரியவில்லை. தம்பி, எப்படியாவது சைகையில் சொல்.

நேற்று தேர்வு முடிந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவரைத்தான் உட்கார வைத்தார்கள். பக்கத்து இடம் காலி. சின்னப் பிள்ளைகள் அதில் காம்பஸ் முள்ளால் என்னென்னவோ கீறி வைத்திருந்தார்கள். வினாத்தாளைத் திறந்தேன். முதல் பத்தி ஆற்று மணலைப் பற்றியது. பாதி போன பிறகுதான் கவனித்தேன், நான் எங்கேயும் நிற்கவில்லை. அதில் நான்கைந்து கஷ்டமான வார்த்தைகள் இருந்தன. அவை பாட்டுக்கு உள்ளே போய்விட்டன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து பகுதியையும் முடித்தேன். தெரியாத சிலவற்றை விட்டேன். முடித்த பிறகு நேரம் மிச்சம் இருந்தது அப்பா. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, ‘ஒடம்பு சரியில்லையாம்மா?’ என்று கேட்டார்.

வரும் வாரம் ஊருக்கு வருகிறேன். ரிசல்ட் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள்


ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

சட்டக் கல்லூரியில் வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ரிசல்ட் வந்த அன்று நீங்கள் தெருவெல்லாம் போய்ச் சொன்னீர்கள். அவர்கள் திருப்பிச் சொன்ன வாழ்த்துக்கெல்லாம் காது கேளாதவர் போலக் கையைக் கூப்பிக்கொண்டே வந்தீர்கள். நோட்டரி ஐயா மெஷின் உறையைத் தானே எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார். அதை இங்கே தலையணைக்கு மேல் போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தம்பி கத்தி வாசிக்க வேண்டாம். சாதாரணமாக வாசிக்கட்டும். உங்களுக்குக் கேட்கும்.

நான் வந்த மறுநாளே தெரிந்துவிட்டது. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், ‘மூணாச்சு, இறக்கிடு’ என்றீர்கள். சொன்ன பிறகு உங்களுக்கே ஞாபகம் வந்து, சும்மா தொண்டையைச் செருமினீர்கள். தம்பி கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டான். நான் ஒன்றும் கவனிக்காதது போலக் குக்கரை இறக்கினேன்.

எனக்காகத்தான் செய்தீர்கள் என்று புரிந்தது. அன்று சாயங்காலம் பேப்பரை எடுத்துக்கொண்டு உங்கள் இடது பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஞாபகம் இருக்கிறதா? வாசித்துக் காட்டிவிட்டு, உங்கள் திருட்டைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். பேப்பரைப் பிரித்தேன். வாயைத் திறப்பதற்குள் கண் பக்கத்தின் அடிக்கே போய்விட்டது. செய்தி முழுவதும் தெரிந்துவிட்டது. மறுபடி மேலே வந்து முதல் வரியைப் பிடித்தேன். கண் நிற்கவில்லை. ஒரு வார்த்தையை உதட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பத்து வார்த்தை தாண்டிவிடுகிறது. ஒன்றுடன் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. இருபத்தைந்து வருடம் செய்த வேலை. எனக்கு வாசிக்க வரவில்லை அப்பா.

நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருந்தேன். உங்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தும் ஒரு நாள்கூட எடுத்து வாசிக்கவில்லை. உங்களுக்குக் கேட்காது என்று நீங்கள் நடித்ததும் எனக்கு வசதியாக இருந்தது. கேட்காதவருக்கு வாசிக்கவில்லை என்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாதல்லவா? இதுதான் என் மனதில் உறுத்துகிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒரு நாளைக்கு நூறு பக்கம் படிக்கச் சொல்கிறார்கள். படித்துவிடுகிறேன்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

கடிதத்தைத் தம்பி மெதுவாக, முழுவதும் வாசித்தான். இந்தத் தடவை ‘அவ்வளவுதான்பா’ என்று சொல்லவில்லை. முடித்துவிட்டு லிப்ட் ரிப்பேர் இருக்கிறது என்று எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை எந்த லிப்ட் என்று நான் கேட்கவில்லை. இப்போதுதான் வந்து எழுத உட்கார்ந்திருக்கிறான்.

காதைப் பற்றிய பேச்சு இருக்கட்டும். குக்கரை நான் எண்ணியிருக்கக் கூடாது. பழக்கதோஷம்.

அன்று நீ பேப்பரோடு உட்கார்ந்தபோது உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. ‘ஜெயிச்சுட்டா’ என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் நீ மடித்து வைத்துவிட்டாய். அப்போது எனக்கு என்னவோ போல இருந்தது. காது கேட்காதவனாக உட்கார்ந்துகொண்டு, ஏன் வாசிக்கவில்லை என்று எப்படிக் கேட்பது? போய் டீ போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அதைக் குடிக்கவில்லை.

மனதில் வைத்துக்கொண்டு உழலாதே. ஒரு நாளைக்கு நூறு பக்கம் என்கிறாய். அதை எனக்கு வாசித்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் போய்ச் சேர்கிறவரைக்கும் முதல் வருடத்திலேயே இருப்பாய்.

நீ முன்பு வாசித்ததெல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒன்றும் போகவில்லை. சாயங்காலம் பேப்பர் நேரத்தில் அவற்றில் ஒன்றை எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். தம்பி நம்ப மாட்டேன் என்றான். அக்டோபரில் நீ அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளடா, நான் சொல்கிறேன், சரி பார் என்றேன்.

ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இன்னொருவர் அதற்கு ஒப்புக்கொண்டால், ஒப்புக்கொண்டவர் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி வாங்காவிட்டாலும் பொறுப்பு உண்டு. பயணி ஒருவர் டீக்கடையில் தன் பையை வைத்து, ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். கடைக்காரர் தலையாட்டினார்.

(ஒரு எழுத்து பிசகவில்லை அக்கா. — தம்பி)

அன்றைக்கு ஈ என்று சொன்னேன். இப்போது பதிலை மாற்றிக்கொள்கிறேன். மாற்ற விடுவார்களா என்று தெரியாது. ஆ. கடைக்காரன்தான் பொறுப்பு. பச்சைக் கவுனோடு பஸ்ஸில் நீ வாசித்துக்கொண்டு வந்தாய், நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். மருந்து அட்டைக்கும் தலையாட்டினேன், கரண்ட் பில்லுக்கும் தலையாட்டினேன். அந்த வாசிப்புதான் நீ என்னிடம் வைத்த பை என்று அப்போது எவன் பார்த்தான்? உன் தேர்வு வந்தது, பால் பொங்கியது, எழுந்து போனேன். பொங்கினால் போகத்தான் வேண்டும். ஆனாலும் ஆட்டிய தலை ஆட்டியதுதான். நீ சொன்னபடி விதியில் இருப்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருக்கிறேன். நியாயம் பார்க்கவில்லை.

சரியா, தப்பா என்று ஒரு வரி எழுது. பெரிய கடிதம் வேண்டாம். நேரம் இல்லையென்றால் விட்டுவிடு. விட்டால் பிடித்தம் இல்லை என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் அப்பா